அப்பன் பெயரைக் கேட்கும் நாடு

உட்காருங்கள் அண்ணாச்சி. அடிக்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்றாலும் உட்கார்ந்தபடியே அடிக்கலாம். அந்த மின்விசிறிக்குக் கீழே வேண்டாம், அது எப்போது விழும் என்று எனக்கே தெரியாது. இந்த நாற்காலியில் உட்காருங்கள். செல்வின் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கீழே போயிருக்கிறான். "டாக்டர் சார், அந்தப் பிள்ளை வீட்ல இருந்து ஆள் வந்திருக்கு. சட்டைக்கையை மடக்கிக்கிட்டு நிக்காரு. கொஞ்சம் தணிஞ்சு போங்க."

தணிந்துதான் போகிறேன். உங்கள் பிள்ளை பிரம்மசக்தி நேற்று என் வகுப்பிலிருந்து அழுதுகொண்டே படியிறங்கிப் போனாள். நான் கத்தினேன், அவள் அழுதாள். அதை இல்லையென்று சொல்லப் போவதில்லை. ஆனால் அவள் என்ன கேட்டாள் என்று வீட்டில் சொன்னாளா? சொன்னாள் அல்லவா. கேள்வியைச் சொல்லியிருப்பாள். அது எந்த இடத்தில் வந்து விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இருங்கள், இருங்கள், நீங்கள் சொல்ல வருவது எனக்குப் புரிகிறது. நான் முதலில் முடித்துவிடுகிறேன்.

இந்த அலுவலகத்தில் என் வேலை என்ன தெரியுமா? ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு அந்த நாட்டை அறிமுகப்படுத்துவது. புவியியல், வரலாறு, சமூகம். மூன்று பகுதி. போர் பற்றிக் கேட்டால் செல்வின் பதில் சொல்வான், அது என் பகுதி இல்லை. ஹாஸ்டல், சாப்பாடு, தயிர் கிடைக்குமா, அதெல்லாமும் செல்வின். நான் நாடு மட்டும். நானும் அங்கேதான் படித்தேன், அங்கேயே டாக்டராக இருந்தேன். இங்கே மருந்துச்சீட்டு எழுத எனக்கு உரிமை கிடையாது. அதற்கு ஒரு பரீட்சை இருக்கிறது. அதை விடுங்கள். நாட்டைப் பற்றிப் பேச எந்தப் பரீட்சையும் கிடையாது.

அந்த நாட்டின் மேல் எனக்கு மரியாதை இல்லை என்று பெற்றோர்கள் புகார் சொல்கிறார்களாம். இருபது வருஷம் ஒரு நாட்டில் குடியிருந்துவிட்டு மரியாதையோடு பேசுகிறவன் அங்கே குடியிருந்திருக்க மாட்டான், ஹோட்டலில் தங்கியிருப்பான்.

நேற்றைய வகுப்பை உங்களுக்கு மறுபடி எடுக்கிறேன். நீங்களே கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் புவியியல். பெரிய நாடு. எவ்வளவு பெரியது என்றால், ஒரு மூலையில் பள்ளிக்கூடம் விடும்போது இன்னொரு மூலையில் பிள்ளைகள் இன்னும் எழுந்திருக்கவில்லை. இதைச் சொன்னால் எல்லாரும் ஆச்சரியப்படுகிறார்கள். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அவ்வளவு பெரிய நாட்டில் மனிதன் இருக்கத் தோதான இடம் நம்ம தாலுகா அளவுகூடத் தேறாது. மீதியெல்லாம் பனி, சகதி, கொசு. கொசு என்றால் நம்ம ஊர்க் கொசு இல்லை. குளிர்காலம் முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டு வருகிற கொசு.

நான் இருந்தது ஓப் என்கிற ஆற்றங்கரையில். ஊர்ப் பெயர் சொன்னால் உங்கள் வாயிலும் நுழையாது, மனசிலும் நிற்காது. மைனஸ் நாற்பது. வெளியே வந்து கண்ணைச் சிமிட்டினால் மேல் இமை கீழ் இமையில் ஒட்டும். அங்கே குளிர்காலத்தில் ஒருவன் செத்துப்போனால், குழி வெட்டுவதற்கு முதல் நாளே போய் அந்த இடத்தில் தீ மூட்டவேண்டும். மண் இளகினால்தான் கடப்பாரை இறங்கும். சுடுகாடும் இடுகாடும் ஒன்றாகிப்போன நாடு அண்ணாச்சி.

ஆறுகூட அங்கே நேராக ஓடாது. நம்ம தாமிரபரணி என்ன செய்கிறது? மலையில் பிறந்து வெயிலைப் பார்த்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. அங்கே பெரிய ஆறெல்லாம் வடக்கே பார்த்து ஓடும். குளிரைத் தேடிக்கொண்டு போகும். அதனால் என்ன ஆகும் என்று கேளுங்கள். வசந்தம் வந்ததும் தெற்கே, ஆறு புறப்படுகிற இடத்தில், பனி உருகிவிடும். வடக்கே ஆற்றின் வாய் இன்னும் இறுகிக் கிடக்கும். உருகி வந்த தண்ணீருக்குப் போக வழியில்லை. ஊருக்குள் புகுந்துவிடும். வருஷா வருஷம் இதே கதை. "ஆறு என்ன செய்யும், வாய் திறக்கிறதுக்கு முன்னாடியே உருகிடுச்சு" என்பாள் கலீனா. கலீனா என் மனைவி. முன்னாள் மனைவி. பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியை. ஆற்றுக்குப் பரிந்து பேசுகிற பெண்ணை அங்கேதான் பார்த்தேன்.

அடுத்தது வரலாறு. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யார் யாரோ படையெடுத்து வந்தார்கள். இவர்கள் வீட்டைத் தாங்களே கொளுத்திவிட்டு உள்ளே ஓடினார்கள். துரத்தி வந்தவன் குளிரில் செத்தான். அதை வெற்றி என்று எழுதி வைத்தார்கள். நடுவில் ராஜா இருந்தார், பிறகு ராஜா இல்லை, பிறகு ராஜாவைவிட அதிகமாக இருந்தவர்கள் இருந்தார்கள். நான் போய் இறங்கியபோது பழைய தேசம் உடைந்து நான்கு வருஷம். எங்கள் பேராசிரியர் உடற்கூறு பாடம் முடித்துவிட்டு மாலையில் சந்தையில் நின்று தன் மனைவி பின்னிய கையுறைகளை விற்றார். நான் ஒன்று வாங்கினேன். சிரிக்கக்கூட இல்லை அந்த மனுஷன். "விரல்களின் பெயர்களைச் சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்" என்றார்.

அது ஜோக் என்று எனக்கு மூன்றாம் வருஷம்தான் புரிந்தது. அப்படிப்பட்ட நாடு.

இப்போது சமூகம். இங்கேதான் உங்கள் பிள்ளை கையைத் தூக்கினாள். என்ன? இருங்கள் அண்ணாச்சி, உங்கள் பிள்ளை என்றுதான் சொல்கிறேன், வேறொன்றும் சொல்லவில்லை. குறுக்கே பேசாதீர்கள், கோர்வை விட்டுப்போகும்.

சமூகம். தெரியாதவனைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால், இவனுக்கு ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். வாசற்படிக்குக் குறுக்கே கை கொடுக்க மாட்டார்கள். இதில் மட்டும் நம்மைப்போல. பூ கொடுத்தால் ஒற்றைப்படையில் கொடுக்கவேண்டும், இரட்டைப்படை பிணத்துக்கு. இதெல்லாம் பிள்ளைகள் ஆசையாக எழுதிக்கொண்டார்கள். அடுத்ததாக நான் சொன்னேன்: "அங்கே வளர்ந்த ஒருவரை மரியாதையாகக் கூப்பிட வேண்டுமென்றால் பெயரை மட்டும் சொல்லக்கூடாது. அவருடைய அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆணாக இருந்தால் கடைசியில் விச். பெண்ணாக இருந்தால் வ்னா."

வகுப்பே சிரித்தது. நானும் முதலில் சிரித்தவன்தான்.

நம்ம ஊரில் ஒருவன் இன்னொருவனுடைய அப்பன் பெயரை எப்போது இழுப்பான்? சொல்லுங்கள். சண்டையில். "ஏலே, உன் அப்பன் பேரு என்னலே?" என்று ஒருவன் கேட்டால், அடுத்ததாகக் கல் வரும். என் அப்பா பெயர் சுடலையாண்டி. பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். மைக் வைத்திருந்தார், அது தேவையே இல்லை. அவர் இருமினால் கடையநல்லூர் வண்டி கிளம்பிவிடும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நான் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதப் போகவில்லை. ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். டாக்டர் ஆகவேண்டும் என்று நான் எப்போது சொன்னேன்? அவர்தான் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் பேருந்து நிலையத்திலேயே வைத்து அறைந்தார். டிரைவர், கண்டக்டர், வாழைப்பழக்காரம்மா எல்லாரும் பார்க்க. அடியை விடுங்கள். அடித்துவிட்டுச் சொன்னார், மைக் அணையவில்லை, ஊருக்கே கேட்டது: "இனிமே என் பேரை உன் பேருக்கு முன்னாடி போட்டியோ, கைய ஒடிச்சிருவேன்."

சரி என்று விட்டுவிட்டேன். சு. நயினார், வெறும் நயினார் ஆனேன். இன்றுவரை என் கையால் அந்த எழுத்தைப் போட்டதில்லை.

அதற்குப் பிறகு அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? தோட்டத்தைக் கிணற்றோடு விற்றார். என்னை ரஷ்யாவுக்கு அனுப்பிவிட்டார். வரைபடத்தில் எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம். மகன் கண்ணில் படக்கூடாது என்பதற்காகக் கிணற்றை விற்கிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலுக்கு போன் வரும். எடுத்தால் முதலில் ஓர் இருமல். பிறகு அம்மா பேசுவாள். மூன்றாம் வருஷம் அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு இருமல் மட்டும் வந்தது. வெளிநாட்டுக்கு போன் போட்டு, இருமிவிட்டு வைக்கிறார். நான் என்ன நுரையீரல் மருத்துவமா படித்தேன்?

படித்து முடித்தேன். கலீனாவைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவள் ஊரில், அந்த ஆற்றங்கரை மருத்துவமனையில், வேலைக்குச் சேர்ந்தேன். குளிர்காலம் தொடங்கிய நேரம். தலைமை மருத்துவர் பெரிய உடம்புக்காரி, மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்ப்பாள். எல்லார் முன்னாலும் வைத்து முதல் கேள்வி:

"உங்கள் அப்பா பெயர் என்ன?"

என் காதில் எப்படி விழுந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள். இரண்டு மொழியில் படித்தவன்தான், ஆனால் கோபம் ஒரு மொழியில்தான் வரும். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். பேருந்து நிலையத்தில் நிற்கிறமாதிரி நின்றுகொண்டு, சத்தமாக, "சுடலையாண்டி!" என்றேன். வாடா பார்க்கலாம் என்கிறமாதிரி.

ஒருவரும் வரவில்லை. அந்த அம்மாள் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டாள். பிறகு அவளும் எழுந்து நின்று, கையை நீட்டி, "வாருங்கள், நயினார் சுடலையாண்டியெவிச்" என்றாள்.

பிறகுதான் தெரிந்தது, யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. வெளிநாட்டுக்காரனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இவான் என்று சொல்லியிருந்தால் இவானவிச் ஆகியிருப்பேன். ஆந்திரக்காரன் ஒருவன் பக்கத்து ஊரில் பீட்டர் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தான். ஆனால் கேட்ட விதம் அப்படி. அவள் கேட்ட விதத்துக்கு எனக்கு வேறு பெயரே வாயில் வரவில்லை. தப்பு அவள்மேல்தான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அண்ணாச்சி, காலையில் போனதிலிருந்து இரவு வரை அப்பா பெயர்தான். செவிலி நாஸ்த்யா அந்தப் பெயரை உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டு ஒரு வாரம் பயிற்சி செய்தாள். "சுதலை... சுதலையான்... மன்னியுங்கள் டாக்டர், மறுபடி சொல்கிறேன்." கிழவிகள் பல் இல்லாத வாயால் சொல்வார்கள். குடிகாரன்கூட, வாந்திக்கு நடுவில், தொப்பியைக் கழற்றிவிட்டு முழுசாகச் சொல்வான். எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு மரியாதை என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. ஊரில் ஒருத்தரும் அந்தப் பெயரை அப்படிச் சொன்னதில்லை. டைம் கீப்பர் என்பார்கள், இருமல்காரர் என்பார்கள்.

என்னை யாராவது கூப்பிட்டால் நான் முதலில் முதுகுப்பக்கம் திரும்பிப் பார்ப்பேன். அங்கே அவர் நிற்கிறாரோ என்று. இந்திய டாக்டருக்குக் கழுத்தில் ஏதோ வலிப்பு என்று ஊரில் பேச்சு.

இந்த இடத்தைக் கவனியுங்கள். எவன் பெயர் வேண்டாம் என்று ஐயாயிரம் மைல் போனேனோ, அவன் பெயரை என் கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட நாடு அது. அதன்மேல் எனக்கு எப்படி மரியாதை வரும்?

அதே குளிர்காலத்தில் அப்பா இறந்துபோனார். அக்கா போன் செய்தாள். "ஏல நயினாரு, வந்து கொள்ளி வச்சுட்டுப் போலே. உனக்காக ஐஸ் பெட்டியில வச்சிருக்கோம்." ஐஸ் பெட்டி. நான் இருந்ததே அதற்குள்தான். 

கலீனா பெட்டியை அடுக்கிவிட்டாள். வயிற்றில் ஆறு மாதம் அவளுக்கு. ரயில் ஓடிக்கொண்டிருந்தது, அதைச் சொல்லிவிடவேண்டும், அந்த நாட்டில் ரயில் மட்டும் ஓடும். மேல்கோட்டு போட்டுக்கொண்டேன், பூட்ஸ் போட்டுக்கொண்டேன், தொப்பியும் வைத்துக்கொண்டேன். அப்போது அவள் சொன்னாள், "உட்கார்."

இது சமூகம் பகுதியில் கடைசிப் பாடம். அங்கே யாராவது தூரப்பயணம் கிளம்பினால் வீட்டில் இருக்கிற எல்லாரும் ஒரு நிமிடம் உட்காரவேண்டும். பெட்டிமேல், ஸ்டூல்மேல், எங்கே வேண்டுமானாலும். பேசக்கூடாது. பிறகு எழுந்து போகவேண்டும். அவளும் உட்கார்ந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நானும் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேன் அண்ணாச்சி. அவ்வளவுதான். எழுந்திருக்கவில்லை.

கலீனா எழுந்தாள். "நேரமாச்சு" என்றாள். நான் உட்கார்ந்திருந்தேன். தொப்பிக்குள் வியர்த்தது. "நயினார்" என்றாள். அப்புறம், மருத்துவமனையில் கூப்பிடுவதுபோல, முழுப்பெயரையும் சொன்னாள். முதல் தடவையாக வீட்டுக்குள்ளே. "நயினார் சுடலையாண்டியெவிச், எழுந்திருங்கள்." நான் திரும்பிக் கதவைப் பார்த்தேன். ரயில் போய்விட்டது.

அப்படி ஒரு பழக்கம் இருந்திருக்காவிட்டால் நான் போயிருப்பேனா, மாட்டேனா? போயிருப்பேன். பூட்ஸ் எல்லாம் போட்டாயிற்றே! போகிறவனைப் பிடித்து உட்காரவைக்கிற தேசம் அது. அக்கா புருஷன்தான் கொள்ளி வைத்தார். அக்கா இன்றும் என்னைத்தான் திட்டுகிறாள், அந்த நாட்டைத் திட்டமாட்டேன் என்கிறாள்.

ஆற்றில் பனி உடைந்த வாரம் மகள் பிறந்தாள். ஸோயா. அங்கே பிறக்கிற பிள்ளைக்கு அப்பன் பெயரை யாரும் கேட்டு வைப்பதில்லை, தானாக வந்துவிடும். ஸோயா நயினாரொவ்னா. விளையாட்டுக்காக நான் தொட்டிலைப் பார்த்து அப்படி முழுசாகக் கூப்பிடுவேன். காலை உதைத்துச் சிரிப்பாள். நயினார் என்கிற பெயர் அவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

அவளுக்குப் பதினொரு வயதானபோது நான் இங்கே வந்தேன். ஆறு மாதத்துக்கு. அப்பா வீட்டை விற்றுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று. கிளம்புகிற அன்றைக்கும் உட்காரவைத்தார்கள். ஸோயா என் பெட்டிமேலேயே உட்கார்ந்துகொண்டாள், சப்பணம் போட்டு. இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. சட்டென்று எழுந்துவிட்டேன். அவளைத் தூக்கி இறக்கி வைத்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீடு இன்னும் விற்கவில்லை. அதில்தான் இருக்கிறேன். கேஸ் கொண்டுவருகிறவன் தெருவில் நின்று "சுடலையாண்டி வீடு!" என்று கத்துகிறான். ஏதாவது ஒரு காரணம் வந்துகொண்டே இருந்தது. பட்டா, அக்காவின் கையெழுத்து, என் பரீட்சை. அந்த நாடாவது திரும்பக் கூப்பிட்டதா? இல்லை. கலீனா கூப்பிட்டாள், அது வேறு. இரண்டு வருஷம் கூப்பிட்டாள். பிறகு ஒருவனைக் கட்டிக்கொண்டாள். ஆற்றில் பனி உடைக்கிற படகில் வேலை பார்க்கிறவன். பெயர் வேண்டாம்.

ஸோயாவுக்கு இப்போது இருபத்திரண்டு. போன செப்டம்பரில் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். அம்மாவின் பாடம்தான், புவியியல். அங்கே பிள்ளைகள் டீச்சர் என்றோ மிஸ் என்றோ கூப்பிட மாட்டார்கள். பெயரும் அப்பா பெயரும்தான், நாள் முழுக்க. வேலைக்குச் சேருவதற்கு ஒரு மாதம் முன்பு எனக்குச் செய்தி அனுப்பினாள். அப்பா பெயரை மாற்றிக்கொண்டாளாம். அந்த நாட்டில் வயது வந்தவர்கள் அப்படிச் செய்யலாமாம். சட்டமே இருக்கிறதாம். அப்பனை மாற்றச் சட்டம் போட்ட நாட்டை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

காரணம் எழுதியிருந்தாள். மனப்பாடமாகச் சொல்கிறேன். "கோபம் இல்லை அப்பா. பிள்ளைகள் கூப்பிட்டால் நான் உடனே திரும்பிப் பார்க்கவேண்டும். உங்கள் பெயர் கேட்டால் நான் எப்போதும் முதலில் கதவைத்தான் பார்த்திருக்கிறேன்."

இதற்கு என்ன அர்த்தம்? பிள்ளைகளுக்கு நயினார் என்று சொல்ல வராது, அதுதான் விஷயம். சுடலையாண்டியெவிச் என்று பல் இல்லாத கிழவி சொன்ன ஊரில், நயினார் வராதாம். அந்த ஊர் என் மகளைக் கெடுத்துவிட்டது.

நான் பேசாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போடுகிறேன். போன வாரம் எடுத்தாள். "அல்லோ" என்றாள். அத்தனை வருஷம் குளிரில் கிடந்த தொண்டை, செருமாமல் எனக்குப் பேச்சு வராது. செருமினேன். அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான். நான் செருமி முடிப்பதற்குள் அவள் வைத்துவிடுகிறாள். பொறுமை இல்லாத ஜனங்கள்.

இப்போது சொல்லுங்கள். இதையெல்லாம் நெஞ்சில் வைத்துக்கொண்டு நான் வகுப்பில் நிற்கிறேன். பெயரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மூன்றாவது வரிசையில் உங்கள் பிள்ளை கையைத் தூக்கி, பச்சைத் தாவணி மாதிரி ஏதோ போட்டுக்கொண்டு, அமைதியாக, "சார், அங்க போயி அப்பா பேரை மாத்திக்கிட முடியுமா சார்?" என்று கேட்கிறாள்.

கத்தாமல் என்ன செய்வேன்? "பெத்தவன் பேரு உனக்குச் செருப்பா, கழற்றி மாட்டுறதுக்கு?" என்று கேட்டேன். கேட்டேன்தான். "அங்கே போவதற்கு முன்னாலேயே அந்தப் புத்தி வந்துடுச்சா?" என்றும் கேட்டேன். நீங்கள் அவளுடைய அப்பா. நியாயமாகப் பார்த்தால் நீங்கள் எனக்கு நன்றி சொல்லவேண்டும். உங்களுக்காகத்தான் கத்தினேன்.

சொல்லுங்கள். இப்போது சொல்லுங்கள். நான் முடித்துவிட்டேன்.

என்ன?

தாய்மாமனா?

நீங்கள் அவளுடைய அப்பா இல்லையா? வந்தபோதே சொல்லியிருக்கலாமே. சரி, நான்தான் விடவில்லை.

அப்போ அவள் அப்பா? ... எங்கே? ... கேரளாவிலா. வேறு குடும்பமா. எத்தனை வயதில்? ... நடக்கப் பழகுவதற்கு முன்பா.

அப்போ பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது, காதுகுத்தில் மடியில் வைத்தது, இந்த சீட்டுக்காக லாரி செட்டில் ராத்திரி பகலாக நிற்கிறது, எல்லாம்...

நீங்கள்தானா.

அவள் யார் பெயரைப் போட்டுக்கொள்ளக் கேட்டாள்? ... நீங்கள் அழாதீர்கள் அண்ணாச்சி. அடிக்க வந்தவர் அழக்கூடாது. தண்ணீர் அந்தக் கேனில் இருக்கிறது. டம்ளர் வேண்டாம், செல்வின் அதில் பேனா போட்டு வைப்பான்.

ஒன்று கேட்கிறேன். அந்த மனுஷன், கேரளாவில் இருக்கிறவர், எப்போதாவது போன் பண்ணுவாரா? ... பண்ணுவாரா! பண்ணினால்? ... எடுக்கமாட்டாளா. போனைத் தூர வைத்துவிடுவாளா.

சரி. அது அவள் இஷ்டம். ஆனால் ஒன்று, அவர் ஏதாவது சொல்லத்தான் கூப்பிட்டிருப்பார். தொண்டை சரியில்லாமல் இருந்திருக்கும். சில பேருக்கு... சரி, விடுங்கள்.

உங்கள் பெயர் என்ன? ... கொம்பையா. நல்ல பெயர். இதைவிடக் கஷ்டமான பெயரை எல்லாம் அந்த ஊர் சொல்லியிருக்கிறது. அவளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். படிக்கும்போது யாரும் கேட்கமாட்டார்கள். படித்து முடித்து, வெள்ளைக்கோட்டு போட்டுக்கொண்டு, முதல் நாள் உள்ளே போவாள். எவளாவது ஒருத்தி மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்துக் கேட்பாள், "உங்கள் அப்பா பெயர் என்ன?" அப்போது கோபப்படவேண்டாம். எழுந்து நிற்கவேண்டாம். என்ன சொல்கிறாளோ அதை எழுதிக்கொள்வார்கள். கொம்பையா என்று சொல்லச் சொல்லுங்கள். பிரம்மசக்தி கொம்பையெவ்னா. இன்னொரு தடவை சொல்கிறேன், காதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிரம்மசக்தி கொம்பையெவ்னா. கேட்க எப்படி இருக்கிறது? அந்த ஊர்க் கிழவிகள் நாள் முழுக்க இதைச் சொல்வார்கள். நீங்கள் இங்கே லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பீர்கள், உங்களுக்குத் தெரியாது. அங்கே ஆயிரம் தடவை உங்களைக் கூப்பிட்டிருப்பார்கள்.

என் மகள் பெயரா? ஸோயா.

முழுப்பெயரா? ... எதற்கு உங்களுக்கு?

ஸோயா பாவ்லொவ்னா. அந்தப் படகுக்காரன் பெயர். இப்போதுதான் முதலில் சொல்கிறேன். நாக்கில் வராதென்று நினைத்தேன். வந்துவிட்டது. அந்த நாட்டில் எல்லாப் பெயரும் நாக்கில் வந்துவிடும், அதுதான் அதன் கெட்ட குணம்.

எழுந்துவிட்டீர்களா? சரி. அவளை நாளைக்கு வகுப்புக்கு அனுப்புங்கள், கத்தமாட்டேன். நாட்டைத் திட்டுவேன், அவளைத் திட்டமாட்டேன். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விமானம் பிடிக்கத் திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறுகிற அன்றைக்கு, பெட்டியெல்லாம் கட்டி முடித்ததும், வீட்டில் எல்லாரும் ஒரு நிமிடம் உட்காருங்கள். நம்ம ஊரில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அவள் பெட்டிமேல் உட்கார்ந்துகொள்ளட்டும். பேசக்கூடாது. பிறகு நீங்கள் முதலில் எழுந்திருங்கள், அவள் கையைப் பிடித்து எழுப்புங்கள். நிதானமாக. அவசரப்பட்டு எழுந்திருக்கவும் கூடாது, எழுந்திருக்காமல் இருந்துவிடவும் கூடாது. அதை அந்த நாட்டில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

போய்விட்டு வாருங்கள் அண்ணாச்சி. படியில் விளக்கு எரியாது, கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே செல்வின் இருந்தால், சமாதானமாகிவிட்டது என்று சொல்லிவிடுங்கள். நானும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஒரு போன் போடவேண்டும்.

நீங்கள் முன்னால் போங்கள். நான் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.